கயிறு யார் கையில்?

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். தெற்கு வீதியில் திண்ணையை இடிக்காமல் விட்டு வைத்திருக்கிற சில வீடுகளில் அதுவும் ஒன்று. மாலையானால் நாலைந்து பேர் கூடுவார்கள். நடராஜர் கோயிலில் ஆரம்பித்து நாட்டு நடப்பு வரைக்கும் பேச்சு போகும். அன்றைக்கு அது கடலுக்கு அடியில் போய்விட்டது.

குஜராத்தில் துவாரகைக் கடலில் பயணிகளை நீர்மூழ்கியில் ஏற்றி அடியில் கொண்டுபோய்க் காட்டப்போவதாக 2023 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது, ஞாபகம் இருக்கும். மும்பையின் மஸகான் கப்பல் கட்டும் தளத்தோடு அந்த மாநில அரசுக்கு ஒப்பந்தம் என்றும், ஒரு தடவைக்கு 24 பயணிகள், ஏறத்தாழ 100 மீட்டர் ஆழம் என்றும் பத்திரிகைகள் எழுதின. நண்பர் ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரி. அந்தச் செய்தியைப் பத்திரமாக மனத்தில் வைத்திருக்கிறார். "போனா முதல் ட்ரிப்லேயே போயிடணும் சார்! பயந்துகிட்டே இருந்தா ஒரு ஜாதி முன்னேறுமா? அந்த அமெரிக்காக்காரன் டைட்டன்ல போய்ச் செத்தானே, அவன் வீரன் சார்!" என்றார்.

பக்கத்திலிருந்த தமிழாசிரியர் அதை விடவில்லை. "வீரமாவது ஒண்ணாவது! ரெண்டு கோடி ரூபா குடுத்துச் சாவை விலைக்கு வாங்கினானுங்க. பணக்கொழுப்பு. அதுக்கு நாம என்னத்துக்கு வருத்தப்படணும்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் காப்பியைக் குடித்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேர் மீதும்தான். திண்ணையில் வராத பதில் பஸ்ஸில் வருவது என் பழைய வியாதி. அதை எழுதித் தீர்ப்பதற்குத்தான் இந்தப் பக்கங்கள்.

நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கடலூர் முதுநகரில் 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம். அதே ஞாயிற்றுக்கிழமை, வட அட்லாண்டிக்கில், 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்ப்பதற்கென்று டைட்டன் என்ற சிறு நீர்மூழ்கி இறங்கிற்று. உள்ளே ஐந்து பேர். நடத்திய கம்பெனியான ஓஷன்கேட்டின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ்ஷே ஓட்டிப் போனார். பயணிகளில் ஒரு தகப்பனும் பத்தொன்பது வயது மகனும் இருந்தார்கள். கட்டணம் ஆளுக்கு 2,50,000 டாலர். இறங்கத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பேச்சு அறுந்தது. உள்ளே 96 மணி நேரத்துக்குப் பிராணவாயு இருக்கிறதென்று உலகமே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணியதெல்லாம் வீண். நான்காம் நாள், ஜூன் 22-இல், டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து 500 மீட்டர் தூரத்தில் துண்டு துண்டாகக் கண்டெடுத்தார்கள். பேச்சு அறுந்தபோதே நசுங்கிப் போயிருந்தது.

ஏன் நசுங்கிற்று? நான் விஞ்ஞானி அல்ல. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆனாலும் இது விளங்காத விஷயமில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம் தலைக்கு மேலிருக்கும் காற்று மண்டலத்தின் பாரம் இன்னொரு மடங்கு கூடுகிறது. டைட்டானிக் கிடப்பது ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில். அங்கே ஒரு கட்டைவிரல் நகமளவு இடத்தின்மேல் ஐந்தாறு ஆள் ஏறி நிற்கிற பாரம். இதைத் தாங்குவதற்கு உருக்கு அல்லது டைட்டானியத்தில் உருண்டையாகக் கூடு செய்வதுதான் ஆழ்கடலில் கைகண்ட வழி. உருண்டையில் பாரம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஓஷன்கேட் கம்பெனி, ஐந்து பேரை அடைக்க வேண்டுமே என்று, நடுவே உருளையாகக் கார்பன் இழையில் கூடு செய்தது. நூல் கண்டு சுற்றுவதுபோல இழையைச் சுற்றிப் பசையால் இறுக்குவது. உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்துக்கு அது அபாரமான பொருள். வெளியிலிருந்து உள்ளே நெருக்கினால்? கயிற்றை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். கயிற்றால் தள்ள முடியுமா? அந்தப் பொருளில் அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும்; ஒவ்வொரு முழுக்கும் தன் காயத்தை விட்டுப் போகும்.

இப்போது பாங்கி அதிகாரிக்கு வருகிறேன்.

சாகஸத்தை நான் வெறுப்பவனல்ல. ஆனால் சாகஸம் செய்கிறவன் வேறு, டிக்கெட் வாங்குகிறவன் வேறு. முதலாமவனுக்குத் தான் எதில் ஏறுகிறோம் என்று தெரியும். கூட்டைத் தட்டிப் பார்த்து, கணக்கைச் சரிபார்த்து, தெரிந்தே இறங்குகிறான். இரண்டாமவனுக்குத் தெரிந்ததெல்லாம் விலை மட்டும்தான். டைட்டன் விவகாரத்தில் இந்த இரண்டையும் கலக்கச் செய்த தந்திரம் ஒன்று உண்டு. அந்தக் கம்பெனி தன் பயணிகளைப் 'பயணி' என்று அழைக்கவில்லை. 'பணி நிபுணர்' என்று பெயர் சூட்டியது. பயணி என்றால் சட்டம் குறுக்கே வரும். நிபுணர் என்றால் வராது! கதையில் பாத்திரங்களுக்குப் பெயர் வைத்துப் பிழைக்கிறவன் நான். ஒரு பெயருக்கு என்ன சக்தி என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதுப் பையன் எதில் நிபுணன்? தகப்பனோடு போனான், அவ்வளவுதான்.

கையெழுத்து வாங்கினார்களே என்பார் நண்பர். வாங்கினார்கள். இந்த வாகனத்தை எந்த அமைப்பும் சோதித்துச் சான்று கொடுக்கவில்லை, மரணம் நேரலாம் என்றெல்லாம் எழுதி, அதன் கீழே கையெழுத்து வாங்கினார்கள். நாமும்தான் போடுகிறோம். ஆஸ்பத்திரியில், பாங்கியில், சிட்டையின் பெருக்கல் குறி போட்ட இடத்தில், மூக்குக் கண்ணாடியை எடுக்கக்கூட நேரமில்லாமல் போட்டுவிட்டு வருகிறோம். முப்பது வருஷம் பாங்கியில் கையெழுத்து வாங்கிய மனிதரே இதைச் சொல்லலாமா? கையெழுத்தால் கம்பெனிக்குப் பாதுகாப்பு. கூட்டுக்குப் பாதுகாப்பு எங்கே வந்தது?

தமிழாசிரியரின் கட்சி இன்னும் மோசம். இது பணக்காரன் சாவு, நமக்கு இதில் பாடம் இல்லை என்கிறார். அந்த டைட்டன் மூழ்குவதற்கு 42 நாள் முன்னால், 2023 மே 7-இல், கேரளத்தில் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியது, கொள்ளாத கூட்டம், இருட்டின பிறகு புறப்பட்ட பயணம். 22 பேர் போனார்கள், குழந்தைகள் பலர். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் ஜலகன்னிகா என்ற இரட்டைத்தட்டுப் படகு சாய்ந்து 45 பேர் போனார்கள். நம் பக்கத்து ஜனங்களும் அதில் இருந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் நம் பழவேற்காட்டில், விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர். இவர்களில் யாருக்குப் பணக்கொழுப்பு? ஆளுக்கு ஐம்பதோ நூறோ கொடுத்து ஏறியவர்கள். 2,50,000 டாலருக்கும் நூறு ரூபாய்க்கும் ஒரே சாவு கிடைக்கிறதென்றால், கோளாறு விலையில் இல்லை. அது எங்கே இருக்கிறதென்று தேடுவதை விட்டுவிட்டு வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்வது ஓர் ஆசிரியருக்கு அழகா?

எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன். டைட்டன் கதையில் எல்லோரும் அந்த ஐந்து பேரைப் பார்க்கிறார்கள். நான் ஆறாவது ஆளைப் பார்க்கிறேன். அவர் பெயர் டேவிட் லாக்ரிட்ஜ். அந்தக் கம்பெனியில் கடல் வேலைகளுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்தவர். இந்தக் கூட்டைச் சரியாகச் சோதிக்காமல் மனிதர்களை ஏற்றக்கூடாது என்று 2018 ஜனவரியில் எழுத்து மூலமாகச் சொன்னார். வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் அரசாங்கத்திடம் முறையிட்டார். கம்பெனி அவர்மேல் வழக்குப் போட்டது. அதே வருஷம் ஆழ்கடல் வாகனத் துறையில் பழுத்த நிபுணர்கள் முப்பதுக்கு மேற்பட்டவர்கள், வெளியார் சான்று இல்லாமல் இறங்காதீர்கள் என்று ஸ்டாக்டன் ரஷ்ஷுக்கு ஒரு கடிதம் தயாரித்தார்கள். இந்தச் சட்டதிட்டமெல்லாம் புதுமைக்கு முட்டுக்கட்டை என்பது அவர் கட்சி.

பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை! இந்த இடம்தான் முக்கியம். 2021-இலும் 2022-இலும் டைட்டன் பலமுறை டைட்டானிக் வரை போய்த் திரும்பியது. லாக்ரிட்ஜ் பொய்யராகிவிட்டார். 'வேண்டாம்' என்று சொன்னவனுக்கு இந்த உலகத்தில் சாட்சியே கிடைப்பதில்லை. அவன் பேச்சைக் கேட்டால் ஒன்றும் நடக்காது. பார்த்தாயா, ஒன்றும் நடக்கவில்லை, வீணாகப் பயமுறுத்தினான் என்பார்கள். கேட்காமல் போய்ப் பத்திரமாகத் திரும்பினாலும் அதே பேச்சு. அவன் சொன்னது மெய்யாகிற நாளில் அவனிடம் மன்னிப்புக் கேட்க ஆள் இருக்கமாட்டார்கள்.

2022 ஜூலை 15-இல் மேலே ஏறி வரும்போது கூட்டில் பெருஞ்சத்தம் ஒன்று கேட்டது. பதிவுக் கருவிகளிலும் மாற்றம் தெரிந்தது. அதை ஆராயாமலே விட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும், கனடாவில் செயின்ட் ஜான்ஸ் ஊரின் பனியில், வண்டிகள் நிறுத்துமிடத்தில் வாகனம் திறந்தவெளியில் கிடந்தது. அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று சொல்கிறது. அதில் என் மனத்தைத் தைத்தது இன்னொரு விஷயம்: வேலை போய்விடும் என்ற அச்சத்தை வைத்தே ஊழியர்களின் வாயை அந்தக் கம்பெனி அடைத்திருந்தது என்கிறது அறிக்கை. கார்பன் இழை அப்புறம்தான் உடைந்தது.

"ஏனய்யா, அவரே கூடப் போனாரே, இதைவிட நாணயம் என்ன வேண்டும்?" என்று பாங்கி நண்பர் கேட்பார். நன்றாகக் கேட்பார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு வழக்கு சொல்வார்கள்: முத்துக் குளிக்க இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று. கயிறு நழுவினால் தாலி அறுப்பது அவன் கூடப் பிறந்தவள். ஆகவே அவன் கை தூங்காது. ஆனால் அந்த மச்சான் எங்கே இருக்கிறான்? மேலே, தோணியில். அவன் பார்ப்பது கயிற்றை, முத்தை அல்ல. 'நானும் வருகிறேன்' என்று கூடக் குதிக்கிற மச்சானுக்கு அன்பு இருக்கலாம், வீரம் இருக்கலாம். கயிற்றுக்கு அவன் ஆகமாட்டான். ரஷ் நாணயஸ்தர்தான். தன் கனவில் தானே மயங்கிக் கூடக் குதித்தவர். மேலே கயிறு பிடிக்க இருந்தவரை அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

நான் கடலூர் முதுநகரில் வளர்ந்தவன். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் முதல் பதினொன்றாம் எண் வரை உண்டு. பகலில் கூண்டு, இரவில் விளக்கு. எங்களுக்கு அது ஏறினால் பள்ளிக்கூடம் லீவு விடுவார்களா என்பதுதான் கவலை. எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார், கட்டுமரக்காரர். கூண்டு ஏறியிருந்த ஒரு ராத்திரி அவர் மகன், 'வானம் சுத்தமா இருக்கு, நாலு நாளா அடுப்பு எரியல' என்று கிளம்பினான். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. துடுப்புகளைக் கொண்டுபோய் எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டார். மகன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, சாப்பிடவுமில்லை. புயல் ஆந்திராப் பக்கம் போய்விட்டது. எங்கள் கடலில் ஓர் அலைகூடக் கூடுதலாக எழவில்லை. தெருவே கிழவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் மூன்றாம் நாள் வந்து, 'தம்பி, அந்தத் துடுப்பை எடுத்துக் குடு' என்று வாங்கிக்கொண்டு போனார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. அந்த முகத்தை நான் பல கதைகளில் எழுதப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் எந்தக் கூண்டும் ஏறவில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறிற்று. இந்தக் கரையில் இருக்கிறவனிடம் வந்து 'பயந்தால் முன்னேற முடியுமா?' என்று கேட்காதீர்கள். தினமும் விடியற்காலையில் பயந்துகொண்டேதான் இவர்கள் போகிறார்கள். போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆழ்கடலுக்கே போகக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஆல்வின் என்ற ஆராய்ச்சி நீர்மூழ்கி 1964-லிருந்து ஐயாயிரம் தடவைக்கு மேல் இறங்கி ஏறியிருக்கிறது. 1968-இல் ஒருமுறை, இறக்கும்போது வடம் அறுந்து மூழ்கிவிட்டது. உள்ளே ஏறியிருந்தவர்கள் தப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் வெளியே எடுத்தபோது அவர்கள் விட்டுவந்த ரொட்டி கெடாமல் இருந்ததாம்! நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோக மத்ஸ்யா 6000 என்ற வாகனத்தைச் செய்கிறது. 2021 அக்டோபரில் ஆளில்லாத உருக்கு உருண்டையை வங்கக்கடலில் 600 மீட்டருக்கு இறக்கிப் பார்த்து, வெளியார் சான்றும் வாங்கினார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத் தண்ணீரில் மிதக்கவிட்டும் மூழ்கடித்தும் சோதித்தார்கள். ஆறாயிரத்துக்கென்று டைட்டானியத்தில் 2.1 மீட்டர் உருண்டை. 2025 ஆகஸ்டில் நம் ஆட்கள் இருவர் பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில் என்ற வாகனத்தில் ஏறி 4,025 மீட்டரும் 5,002 மீட்டரும் போய்ப் பழகி வந்தார்கள். 'இன்னும் முடியவில்லையா?' என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ இந்தத் தாமதத்தைப் பார்த்தால் ஆனந்தமாக இருக்கிறது. துடுப்பைப் பரணில் போட யாரோ ஒரு பெரியவர் அங்கே இருக்கிறார் என்று தோன்றுகிறது.

துவாரகை வெறும் நூறு மீட்டர்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எகிப்தில் ஹுர்காதா என்ற ஊரில், சின்னக் குழந்தைகளையும் ஏற்றிச் சென்று பவளப்பாறை காட்டுகிற சிந்துபாத் என்ற சுற்றுலா நீர்மூழ்கி இருந்தது. 25 மீட்டருக்குமேல் இறங்காது. 2025 மார்ச் 27-இல், கரையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில், அது மூழ்கி ஆறு பேர் இறந்தார்கள். ஆகவே ஆழத்தை விசாரித்துப் பயனில்லை. விசாரிக்க வேண்டியது ஒன்றுதான். மந்திரி வந்து கொடியசைக்கக் காத்திருக்கும்போது, டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கும்போது, 'இன்றைக்கு இறங்காது' என்று சொல்ல அங்கே யாருக்கு அதிகாரம்? சொன்னவனுக்கு மறுநாள் வேலை இருக்குமா? இந்த அறிவிப்புகளில் பயணிகள் எண்ணிக்கை இருக்கிறது, ஆழம் இருக்கிறது, ஜன்னல் எத்தனை என்றுகூட இருக்கிறது. இந்த ஆளைப் பற்றி ஒரு வரியும் நான் படிக்கவில்லை.

கம்பெனியையும் சர்க்காரையும் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அந்த ஆளை முதலில் அடிக்கப் போகிறவர்கள் நாம்தான். இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கை குடும்பத்தை அழைத்துக்கொண்டு பிச்சாவரம் போனேன். சிதம்பரத்திலிருந்து அரை மணி. படகில் ஏறி உட்கார்ந்தாயிற்று. படகுக்காரர் லைப் ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். என் தங்கை மகன், பன்னிரண்டு வயது, வியர்க்கிறது, நாற்றமடிக்கிறது, போட மாட்டேன் என்றான். போட்டோவில் சட்டை தெரியாது என்பது உண்மையான காரணம். படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்பா, ஆள் மட்டத் தண்ணி. இதுக்கு எதுக்கு இவ்வளவு? கிளப்பு, நேரமாகுது" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இத்தனை நேரம் உங்களிடம் வாய் கிழியப் பேசிய நான்.

"முங்கறதுக்கு ஆழம் வேணாம் சார். பயம் போதும்" என்றார் அவர்.

என் மாப்பிள்ளை, "காசு குடுத்துதான வந்திருக்கோம்!" என்று குரலை உயர்த்தினார். பின்னால் காத்திருந்த படகிலிருந்தும் யாரோ கத்தினார்கள். அவர் அசையவில்லை. எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் அலையாத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். பையன் முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கெட்டை மாட்டினான். அவர் எட்டி அதன் வாரை இழுத்து முடிச்சைச் சரிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னுடையது இருக்கைக்கு அடியில் கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் துடுப்பை எடுத்துப் படகைத் தள்ளினார்.

திரும்பி வந்து இறங்கும்போது நூறு ரூபாய் நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்ததாக ஏறிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் ஜாக்கெட்டை மாட்டுங்க, மாட்டினாத்தான் படகு எடுப்பேன்" என்று சத்தம் போட ஆரம்பித்தார். அந்தக் கூட்டத்திலும் ஒருவர், "கழுத்தளவு தண்ணிக்கு என்னய்யா இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.